முன்சுவர் மட்டும்

நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிகளிலிருந்து நடந்து போகும் தூரத்தில் அந்தத் தொழுகைக்கூடம் இருந்தது. அரச திருச்சபையோடு ஒத்துப்போகாமல் பிரிந்து நின்ற வேல்ஸ் நாட்டுச் சனங்கள், இங்கே குடியேறிய பிறகு கட்டியது. வெளியே செங்கல் சுவர், நாலு நீள ஜன்னல், இரண்டு கதவு. கோபுரம் இல்லை, சிலுவைகூட இல்லை. ஏதோ பழைய பண்டகசாலை என்று நினைத்துத்தான் சிறுவயதில் அதைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன்.

கட்டடக்கலை அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், அதை அளந்து வரைய என்னை அனுப்பினார்கள். அதை வாங்கியவர் அங்கே கொண்டோ என்கிற அடுக்குமாடி வீடுகள் கட்டப்போகிறார். எதை இடிக்கலாம், எதை விட வேண்டும் என்று நகரசபை முடிவெடுக்க வரைபடம் தேவை. கூட வரவேண்டியவன் காய்ச்சல் என்று நின்றுவிட்டான். அளக்கிற ரேப்பின் மறுமுனையைப் பிடிக்க, அன்று லீவில் நின்ற அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன்.

"யூனிவேசிற்றி முடிச்சவருக்கு ரேப்புப் பிடிக்க ஐஞ்சாம் வகுப்புப் படிச்ச நான்தான் வேண்டிக்கிடக்கு," என்றார் அம்மா, பஸ்ஸில்.

அந்தச் சபையில் மிஞ்சியிருந்த சிலரில் ஒருவரான முதியவர் கதவைத் திறந்துவிட்டார். அம்மா வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார்.

"குளிருமம்மா, போடுங்கோ."

"உள்ளை சாமியெல்லோ."

உள்ளே வேறொரு கட்டடம். மூன்று பக்கமும் மெல்லிய இரும்புத் தூண்கள் தாங்கிய மேல்மாடம், லாடம் போல வளைந்து நின்றது. மர வாங்குகள் எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்தன: எதிர்ச்சுவரின் நடுவில், உயரத்தில் பிரசங்க மேடை. அதன் காலடியில் அரைவட்ட மரத்தடுப்பு. அதற்குள் சபை மூப்பர்கள் சனத்தைப் பார்த்தபடி இருக்கும் ஆசனம். பலிபீடமோ படமோ கிடையாது. முழுக்கவும் காதுக்காகக் கட்டிய மண்டபம். மாடத்தின் கடைசி வாங்கில் அம்மா இருமியது மேடையடியில் நின்ற எனக்குப் பக்கத்தில் கேட்டது.

மத்தியானம் அம்மாவுக்குக் கால் உளைந்தது. கோயிலில் மூலஸ்தானத்துக்கு எவ்வளவு கிட்டப் போகலாமோ அவ்வளவு கிட்டப் போகிற பழக்கத்தில், நேரே தடுப்புக்குள் நுழைந்து மூப்பர் ஆசனத்தின் நடுவில் சம்மணம் கட்டி இருந்துவிட்டார். முதியவரின் முகம் மாறியது.

"எழும்புங்கோ அம்மா. அது பெரியாக்கள் இருக்கிற இடம்," என்றேன்.

"எனக்கென்ன, வயசு குறைவே?"

என்ன சொல்கிறார் என்று முதியவர் கேட்டார். ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பெண்களை அதற்குள் இருத்துவதில்லை, தன் தாய் சாகும்வரை அந்தத் தடுப்புக்கு வெளியேதான் இருந்தார் என்றார். "இருக்கட்டும். இனி அதில் இருக்க ஆளில்லை."

பிறகு, வந்ததிலிருந்து கேட்க நினைத்திருந்ததைக் கேட்டார்: "இந்த உட்பக்கத்தை விடுவார்களா?"

தெருவிலிருந்து தெரிவதைத்தான் பெரும்பாலும் காப்பாற்றுவார்கள், உள்ளேயும் காக்க வேண்டும் என்று நான் எழுதுகிறேன் என்றேன்.

"தெருவிலிருந்து பார்க்க நாங்கள் எதையும் வைக்கவில்லையே," என்றார்.

மாடத்தின் ஒவ்வொரு கம்பியையும் வரைந்தேன். எழுதவும் செய்தேன். முன்சுவரை வைத்துக்கொண்டு மற்றதை இடிக்கலாம் என்று முடிவு வந்தது. முதியவருக்கு நான்தான் தொலைபேசியில் சொன்னேன். முழுவதையும் கேட்டார். அம்மா சுகமா என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

இப்போது முன்சுவரை இரும்புச் சட்டங்கள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பின்னால் ஆழத் தோண்டிய பெரிய கிடங்கு. ஜன்னல்களுக்குள்ளால் வானம் தெரிகிறது.

"வாசலை விட்டிட்டு வீட்டைக் கொண்டுபோயிட்டாங்கள்," என்றார் அம்மா, போன சனிக்கிழமை அந்தப் பக்கம் போனபோது.

பக்கத்தில் கொண்டோ விற்கும் அலுவலகம். என் உட்புற வரைபடத்தைச் சட்டம் போட்டு அங்கே மாட்டியிருந்தார்கள். அம்மா கிட்டப் போய்த் தேடினார். மேடையடியில் இருந்த அரைவட்டத்தைக் கண்டுபிடித்துக் கண்ணாடியில் விரலை வைத்தார்.

"இதிலைதான் நான் இருந்தனான்," என்றார், அங்கே நின்ற பெண்ணிடம், தமிழில்.

அவள் சிரித்துக்கொண்டே விலைத்தாளை நீட்டினாள்.