வரப்பு கட்டிய கூடாரம்

என் வீட்டுக்காரர் குவைத்தில் இருந்துகொண்டே தஞ்சாவூரில் மழை வருவதைச் சொல்லிவிடுவார். பெருமைக்காகச் சொல்லவில்லை, உண்மை. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக் களைத்து வீட்டுக்கு வந்து காபி டம்ளரைக் கையில் எடுப்பேன், போன் அடிக்கும். "மாடில துணி கெடக்கா? போய் எடுத்துடு, இன்னும் கொஞ்ச நேரத்துல ஊத்தும்" என்பார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் வெயில் மண்டையைப் பிளக்கும். இந்த மனுஷனுக்கு வேறு வேலை இல்லை என்று முணுமுணுத்துக்கொண்டே மாடி ஏறுவேன். கடைசித் துணியை எடுத்துத் தோளில் போடும்போது வல்லம் பக்கமிருந்து மண்வாசனையோடு காற்று கிளம்பிவிடும்.

அவருக்கு அங்கே ஏ.சி. பழுது பார்க்கும் கம்பெனியில் சூப்பர்வைசர் வேலை. அந்த ஊர் வானத்தில் பார்க்க ஒன்றுமில்லையாம். ஒன்று வெயில், இல்லாவிட்டால் புழுதி. அதனால் போனில் வரும் மேகப் படத்தில் எங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதிர் வீட்டு அக்கா வடகம் பிழிவதற்கு முன்னால் கேட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "ஒங்க வீட்டுக்காரர் இன்னிக்கு என்ன சொன்னாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் மாவைக் கிண்டப் போவார். ஊரிலேயே இல்லாத ஒரு மனுஷனுக்கு எங்கள் நகரில் இருந்த மரியாதை அது.

நகர் என்றால் பைபாஸுக்கு அந்தப் பக்கம், முன்பு நெல் விளைந்த நிலம். மனைக்கற்களுக்கு நடுவில் இன்னமும் கோரை முளைக்கும். கட்டி முடித்த வீடு, பாதி கட்டிய வீடு, பூட்டிக் கிடக்கும் வீடு என்று கலந்து இருக்கும். முக்கால்வாசி வீடுகளில் ஒருவர் வெளிநாட்டில். மழை பெய்தால் காலி மனைகளில் தண்ணீர் நின்று தவளை கத்தும். அதைக் கேட்டால் எனக்குப் பழைய வயல் தூக்கத்தில் பேசுவது போல இருக்கும்.

மழை விஷயத்தில் எனக்கும் அவருக்கும் ஜாதகமே பொருந்தாது. நான் வேதாரண்யத்துக்காரி. அப்பா உப்பளம் குத்தகைக்கு எடுத்து நடத்தியவர். கோடையில் ஒரு மழை பெய்தால் விளைந்த உப்பெல்லாம் கரைந்து போகும். அதனால் எங்கள் வீட்டில் கருத்த மேகத்தைப் பார்த்தாலே திட்டு விழும். அவருக்கு ஊர் திருப்பனந்தாள் பக்கம். அவருடைய அண்ணன் இன்றைக்கும் அங்கே நெல் சாகுபடி செய்கிறார். கோடை மழை பெய்தால் அந்த வீட்டில் வாசலுக்கு வந்து கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு, உழவுக்கு டிராக்டர் சொல்லப் போன் போடுவார்கள். கல்யாணமான புதிதில் ஒரு தூறலைப் பார்த்து, "சனியன், வந்துடுச்சு" என்று சொல்லிவிட்டேன். கூடத்தில் உட்கார்ந்திருந்த எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவர் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

எங்களுக்கு ஒரே பெண். அந்தக் கோடையில் ஒன்பதாவது முடித்திருந்தாள். என்னிடம் அவள் சண்டை போடாத நாள் கிடையாது. தோசை முறுகவில்லை என்பதற்கு ஒரு சண்டை, முறுகிவிட்டது என்பதற்கு ஒரு சண்டை. ஆனால் அப்பா லீவில் வந்துவிட்டால் வேறு பெண்ணாக மாறிவிடுவாள். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் அவருக்குத் தண்ணீர் வைப்பாள். டிவி ரிமோட்டை அவர் கேட்கும் முன்பே எடுத்துக் கொடுப்பாள். எதைச் சொன்னாலும் "சரிப்பா". அவர் ஆசையாக வாங்கி வரும் சட்டைகளெல்லாம் போன லீவில் பார்த்த அளவில் இருக்கும், தோளில் ஏறாது. "சூப்பரா இருக்குப்பா" என்று சொல்லி மடித்து பீரோவில் வைத்துவிடுவாள். பார்ப்பவர்கள் எவ்வளவு தங்கமான பெண் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம்தான் அப்படி நடந்துகொள்வோம்.

அவருக்கும் அது தெரிந்திருந்தது. ஒரு லீவு முடிந்து பெட்டி கட்டும்போது, "ஒன்னை திட்டுற மாதிரி என்னையும் ஒரு தடவை திட்ட மாட்டாளான்னு இருக்கு" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் பள்ளிப் படிப்பு முடிந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டால் இந்த மனுஷன் மகளுக்குக் கடைசிவரை விருந்தாளியாகவே இருந்துவிடுவாரே என்று பயமாக இருந்தது.

கூடாரம் போடும் யோசனை அதிலிருந்துதான் வந்தது. குளிர் மாதங்களில் குவைத்துக்காரர்கள் குடும்பத்தோடு பாலைவனத்துக்குப் போய்க் கூடாரம் அடித்துத் தங்குவார்களாம். வேலைக்குப் போகும் வேனிலிருந்து அதைப் பார்த்திருக்கிறார். தை மாதத்தில் ஒரு நாள் வீடியோ காலில் சொன்னார்: "நம்ம வீட்டுல ஆளுக்கொரு ரூமு, ஆளுக்கொரு போனு. கூடாரத்துல அப்டி இல்ல பாரு. மூணு பேரும் ஒரே எடத்துலதான் கெடக்கணும். மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்கறது?" இதைவிட நல்ல காரணத்தை நான் கேட்டதில்லை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் திட்டம்தான். கொல்லிமலை என்று முடிவானது. சில்வர் ஓக் தோப்பு ஒன்றில் இடம் வாடகைக்கு விடுகிறார்கள் என்று கண்டுபிடித்தார். கூடாரம் பார்சலில் வந்தது. அதை ஹாலில் விரித்து நானும் பெண்ணும் கட்டிப் பார்க்கும்போது, அவர் போனுக்குள்ளிருந்து "அந்தக் கம்பிய இந்தப் பக்கம் வளை" என்று கத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேள்விப்பட்ட அவருடைய அண்ணன், "கடன உடன வாங்கி டைல்ஸ் போட்ட வீட்ட கட்டிப்புட்டு, காட்டுல போயி துணிக்குள்ள படுக்கணும்னு என்னய்யா தலையெழுத்து?" என்று கேட்டார். கேட்டாரே தவிர, போய்வரத் தன்னுடைய காரைக் கொடுத்தார்.

எந்த நாள் என்பதை மட்டும் அவர் யாரையும் தொட விடவில்லை. அக்னி நட்சத்திரத்துக்கு நடுவில், மேகப் படத்தைப் பத்து விதமாகப் பார்த்து நாளைக் குறித்தார். கல்யாணத்துக்கு முகூர்த்தம் பார்த்தபோதுகூட அவர் வீட்டில் அவ்வளவு அலசவில்லை. "அந்த ரெண்டு நாளும் ஒரு பொட்டு மழை கெடையாது. என்னை நம்பு" என்றார். நம்பினேன். நம்பாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் இல்லை.

அவர் லீவில் வந்து சேர்ந்த வாரத்திலேயே கிளம்பினோம். பொன்னி அரிசிச் சோறு, புளியோதரை, தயிர்சாதம், வத்தக்குழம்பு, மாங்காய் ஊறுகாய் என்று ஒரு பந்திக்கான சாப்பாடு. டிக்கியைத் திறந்தால் அண்ணனுடைய மண்வெட்டி ஏற்கனவே உள்ளே கிடந்தது. எடுத்து வீட்டில் வைக்கலாம் என்றேன். "இருக்கட்டும், கெடக்கட்டும்" என்றார். வழி முழுக்க அவர் கேட்டதற்கெல்லாம் பெண் ஒழுங்காகப் பதில் சொல்லிக்கொண்டு வந்தாள். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவள் மாதிரி.

தோப்புக்காரர் கழிப்பறைச் சாவியைக் கொடுத்து, எங்கே வேண்டுமானாலும் கூடாரம் போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். மேட்டில் ஏற்கனவே யாரோ கூடாரம் போட்டுப் புல் நசுங்கிய இடம் ஒன்று இருந்தது. அது கொஞ்சம் சரிவு. எங்கள் ஆளுக்குப் பிடிக்கவில்லை. பிறந்ததிலிருந்து சமதரையைத் தவிர வேறு தரையைக் கண்டிராத கண். கீழே இறங்கிப் போய்த் தேடி, சுற்றிலும் மேடாக, நடுவில் மட்டமாக ஓர் இடத்தைக் கண்டுபிடித்தார். "அடடா, நாத்தங்காலாட்டம் இருக்கு பாரு" என்று அவ்வளவு சந்தோஷம். நாற்று விடுவதற்கு அதைவிட நல்ல இடம் கிடையாதுதான்.

சாப்பிட்டு முடித்த பிறகு மேற்கே லேசாகக் கருத்தது. "இது சும்மா வேடிக்கை காட்டிட்டுப் போயிரும்" என்றவர், எதற்கும் இருக்கட்டும் என்று மண்வெட்டியை எடுத்து வந்தார். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு கூடாரத்தைச் சுற்றி வரப்பு போட ஆரம்பித்தார். நான் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வருடக்கணக்காக ஏ.சி. ரூமில் கையெழுத்துப் போட்ட கை மண்வெட்டியை எவ்வளவு அழகாகப் பிடிக்கிறது! ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் முடி அளவு வித்தியாசம் இல்லை. எனக்கும் கை பரபரத்தது. உப்புப் பாத்திக்கு வரப்பு மிதித்த கால் இது, சும்மா இருக்குமா? அவர் வெட்டிப் போடப் போட, நான் மிதித்துக் கெட்டிப்படுத்தினேன். ஓட்டை இல்லாமல், கசிவு இல்லாமல், கூடாரத்தைச் சுற்றி முழு வரப்பு. நெல்லுக்காரருக்கும் உப்புக்காரிக்கும் தண்ணீர் என்றால் தேக்கி வைக்க வேண்டிய பொருள். அதை வெளியே அனுப்ப வேண்டிய நாளும் வரும் என்று எங்கள் இருவர் புத்திக்கும் எட்டவில்லை.

பெண் கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"சூப்பரா இருக்குப்பா."

மழை வந்தது, மூன்று பேரும் கூடாரத்துக்குள் ஓடினோம். மலை மழை எங்கள் ஊர் மழை மாதிரி சொல்லிக்கொண்டு வராது போலிருக்கிறது. வானத்தைக் கவிழ்த்துக் கொட்டியது. மேட்டிலிருந்து வழிந்த தண்ணீர் வரப்பைத் தாண்டி உள்ளே விழுந்தது. உள்ளே விழுந்த தண்ணீர் வெளியே போக வழியில்லை. நாங்கள் போட்ட வரப்பு அப்படி! முதலில் செருப்பு மிதந்தது. பிறகு பாய் நனைந்தது. பிறகு கூடாரத்தின் அடித்துணியே எங்கள் மூவரையும் வைத்துக்கொண்டு தளும்பியது. அந்த நிலையிலும் அவர், "நல்ல மழை, நல்ல மழை" என்கிறார்.

பெண் எழுந்தாள். கழுத்து நரம்பு புடைக்க அவள் கத்தி நான் பார்த்திருக்கிறேன், ஆனால் அவரைப் பார்த்துக் கத்தியதில்லை.

"வரப்பு போட்டா தண்ணி எப்டிப்பா வெளில போவும்? இங்க என்ன நடவா நடப் போறீங்க?"

அவர் திகைத்துப் போய், "ஒனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றார்.

"நீங்க வெட்ட ஆரம்பிச்சப்பவே தெரியும்!"

"அப்றம் ஏம்மா சூப்பரா இருக்குன்ன?"

"வேற என்ன சொல்றது? நீங்க இருக்கறதே ஒரு மாசம். அதுல ஒங்களோட சண்டையும் போடணுமா?"

தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. பிறகு அவர் வெளியே போய், பள்ளப் பக்கமாக வரப்பில் மண்வெட்டியை ஓங்கி ஒரு போடு போட்டார். தேங்கிய தண்ணீரெல்லாம் சளசளவென்று இறங்கி ஓடியது. சேற்றில் கணுக்கால் புதைய, தலையிலிருந்து மழை வழிய, அவளைப் பார்த்துச் சொன்னார்: "போடு. இப்பவே போடு. நான் எங்கயும் போவல, இங்கதான் நிக்கறேன்."

அவளும் விடவில்லை. அவர் எதிரில் போய் நின்றாள். ஒரு சட்டைகூட அளவாக வாங்கி வந்ததில்லை. போன் செய்தால் மார்க்கைத் தவிர வேறு ஒன்றும் கேட்பதில்லை என்றாள். "என் ஃப்ரெண்டு ஒருத்தி பேரு சொல்லுங்க பாப்போம்!" பிறகு அவரும் குரலை உயர்த்தினார். "நான் கேக்கறதுக்கெல்லாம் நீ 'ம்' கொட்டினா எனக்கு எங்கேர்ந்து தெரியும்?" என்றார். அவள் அழுதாள். அவரும் அழுதிருப்பார் என்று நினைக்கிறேன், மழையில் சரியாகத் தெரியவில்லை. ஆனால் ஒரு வார்த்தைக்குக்கூட அவர் அப்பா என்ற அதிகாரத்தை எடுத்துக் காட்டவில்லை. எத்தனையோ ஆண்களைப் பார்த்திருக்கிறேன், திட்டு வாங்க இவ்வளவு ஆசையாக நின்ற ஆளைப் பார்த்ததில்லை. நான் குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேருக்கும் நடுவில் போகாமல் இருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டு செய்த ஒரே நல்ல காரியம் அதுதான்.

சாயங்காலம் காருக்குள் உட்கார்ந்து மீதிப் புளியோதரையைச் சாப்பிட்டோம். முன் சீட்டு யாருக்கு என்று அவர்கள் இருவருக்கும் ஒரு தகராறு. அண்ணனிடமிருந்து போன் வந்தது. ஊரிலும் நல்ல மழையாம், நாளைக்கே உழவாம். இங்கே நடந்ததை இவர் சொன்னதும், "மடை வக்காம எவன்யா வரப்பு போடுவான்? மானத்த வாங்கிட்டியே" என்று அண்ணன் போட்ட சத்தத்தில் பெண்ணுக்குச் சாப்பாடு புரையேறியது.

வீடு திரும்பிய பிறகு அந்த லீவில் எங்கள் வீடு வீடாக இல்லை. ரிமோட்டுக்குச் சண்டை, பாத்ரூமில் அவர் அதிக நேரம் இருப்பதற்குச் சண்டை, பைக்கின் பின்னால் உட்கார்ந்துகொண்டு அவருக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சண்டை. கடைத்தெருவுக்கு அவரை இழுத்துக்கொண்டு போய் அளவான சட்டை வாங்க வைத்தாள். அதிலும் கலரில் ஒரு சண்டை. அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு பொலிவு. எதிர் வீட்டு அக்கா, "என்ன, ஒங்க வீட்டுல ஒரே சத்தமா இருக்கு?" என்று கேட்டார். ஆமாம் அக்கா என்று நிமிர்ந்து நின்று சொன்னேன்.

லீவு முடிந்தது. திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கொண்டுபோய் விடப் போனோம். மற்ற தடவைகளில் "பத்திரமா போயிட்டு வாங்கப்பா" என்று சிரித்துக் கையாட்டுகிறவள், இந்தத் தடவை காரைவிட்டே இறங்கவில்லை. கூப்பிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சரி என்று அவர் பெட்டியைத் தள்ளிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்விட்டார். பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்த நேரத்தில் பின்னாலிருந்து ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எதுக்கு இப்ப போறீங்க? போவாதீங்க."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இத்தனை வருடத்தில் அவரைப் போகாதே என்று யாரும் சொன்னதில்லை. நான்கூடச் சொன்னதில்லை. அவர் குனிந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"கோவமா இருக்கியா?"

"ஆமா. ரொம்ப."

அவர் கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. அவள் தலையில் கையை வைத்து, "நான் வர்ற வரைக்கும் கோவமாவே இரும்மா" என்றார்.

அப்படித்தான் இருக்கிறாள்.