ஒரு தட்டு என்றால் சரி

மூர்த்திக்குப்பம் கடற்கரையில், சுற்றுலா வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு மணலில் துள்ளித் துள்ளி ஓடுகிற வண்டி ஒன்று இருக்கிறது. கூரை கிடையாது, கதவு கிடையாது. நான்கு பருத்த சக்கரம், இரும்புக் குழாயில் ஒரு கூடு, கூட்டின்மேல் அலுமினியத் தகடு. வண்டிக்காரர் அதை பக்கி என்பார், நாங்கள் மணல் வண்டி என்போம். தகடுகளை வெட்டி, வளைத்து, பொருத்தியது நானும் என் மச்சானும். அதன் மூக்கில் இருக்கிற ரிவெட்டுகள் மட்டும் இரண்டாம் முறை அடித்தவை. அவற்றில் என் கை படவில்லை.

நான் வில்லியனூர் பக்கம் ஒரு பஸ் பாடி கட்டும் கம்பெனியில் இருபது வருஷம் தகடு வேலை பார்த்தவன். பிறகு பாகூருக்கு வெளியே ரோட்டோரமாகச் சொந்தமாக ஒரு ஷெட் போட்டேன். பின்னால் கரும்பு, முன்னால் டவுன் பஸ். மனைவியின் தம்பி என்னோடு சேர்ந்துகொண்டான். அவனுக்கும் இப்போது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் வெல்டிங்கில் அவனைக் குறை சொல்ல எனக்கே வாய் வந்ததில்லை. டிராக்டர் மட்கார்டு, ஐஸ்கிரீம் வண்டி, மீன் ஏற்றும் ஆட்டோவுக்குப் பெட்டி என்று எது வந்தாலும் செய்தோம்.

வண்டிக்காரர் வெறும் கூட்டையும் பின்னால் ஒரு பழைய கார் என்ஜினையும் லாரியில் கொண்டுவந்து இறக்கினார். போனில் ஒரு வீடியோவைக் காட்டி இதே மாதிரி வேண்டும் என்றார். வீடியோவில் வண்டி பறந்துகொண்டிருந்தது, தகடு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எனக்கு இப்படிப்பட்டவர்களைக் கண்டால் எரிச்சல் வரும். அன்று வரவில்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, கூட்டின்மேல் வைத்து அளவு வெட்டினோம். அட்டையை ஷீட்டின்மேல் வைத்துக் கோடு கிழித்தோம். பக்கத் தகடுகள் சுலபம், நேரான மடிப்புகள்தான். மூக்குதான் பாடாய்ப் படுத்தியது. அது முன்னால் உருண்டு, கீழே உள்வாங்கி, இரண்டு பக்கமும் வளைய வேண்டும். துணி சோப்பைத் தகட்டில் தேய்த்து, கேஸ் சூடு காட்டினோம். சோப்பு தேன் நிறமாகி, பிறகு கருக்கும். கருத்த நொடியில் நிறுத்திவிட வேண்டும். அதைத் தாண்டினால் தகடு உருகிச் சொட்டிவிடும். நிறுத்தி ஆறவிட்டால் தகடு மெத்தென்று ஆகி, மணல் மூட்டையின்மேல் போட்டு மரக் கொட்டாப்புளியால் தட்டத் தட்டச் சொன்னபடி வளையும். தட்டிவிட்டு உள்ளங்கையால் தடவி மேடு பள்ளம் பார்ப்போம். கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது.

அந்த முறை நான் தடவினேன், ஒன்றும் தெரியவில்லை. மழமழப்பா, மேடா, ஒன்றும் இல்லை. தடவுவதுபோல் தடவிவிட்டு, “நீ ஒரு தபா பாரு” என்றேன்.

“இன்னா மாமா, எப்பவும் நான் பாத்ததுக்கு மேல நீ பாப்ப. இப்ப எனக்கு ப்ரமோஷனா?” என்றான்.

விஷயம் இதுதான். மார்கழியிலேயே என் வலது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்திருந்தன. முதலில் கட்டை விரல், பிறகு பக்கத்து இரண்டு விரல். சட்டைப் பொத்தானைப் பார்த்துத்தான் போட வேண்டியிருந்தது. ஒரு நாள் வெல்டிங் முடிந்து கிடந்த பட்டையை வெறும் கையால் எடுத்துவிட்டேன். தோல் கருகும் வாசனை வந்த பிறகுதான் எங்கிருந்து வருகிறது என்று தேடினேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணை மூடச் சொல்லி, ஒரு மெல்லிய குச்சியால் விரல் விரலாகக் குத்தி, “இப்போ தெரியுதா?” என்று கேட்டுக்கொண்டே போனார். பிறகு, அதிர்வு வருகிற மெஷின் எதையும் தொடக் கூடாது என்றார். உணர்ச்சி திரும்பி வருமா என்றதற்கு, வரலாம், வராமலும் போகலாம் என்றார்.

அவர் எழுதிக்கொடுத்த சீட்டை மடித்து ரிவெட் டப்பாவுக்கு அடியில் வைத்தேன். வீட்டில் சொல்லவில்லை, மச்சானிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றோடு என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். தகடு வேலையை விட்டால் எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. வேலை இல்லாத நாளில்கூட ஷெட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறவன் நான்.

விரலோடு சேர்ந்து உள்ளேயும் ஏதோ மரத்துப்போயிருந்தது. மகளுக்கு நர்சிங்கில் இடம் கிடைத்த அன்று வீடே சிரித்தது. நான் சரி என்றேன். பக்கத்துத் தெருவில் என்னோடு பஸ் கம்பெனியில் வேலை பார்த்தவர் செத்துப்போனார். போய் நின்றேன், மாலை போட்டேன், வந்து சாப்பிட்டேன்.

“உனக்கு இன்னாதான் ஆச்சு?” என்று மனைவி கேட்டாள்.

“ஒன்னும் இல்ல” என்றேன். அது பொய் இல்லை. உண்மையிலேயே ஒன்றும் இல்லை.

தகட்டைக் கூட்டில் மாட்டுகிற வேலை வந்தது. குழாயில் ஆங்காங்கே இரும்புப் பட்டைகளை மச்சான் வெல்டு வைத்திருந்தான். இரும்பும் அலுமினியமும் நேராக ஒட்டியிருந்தால் கடல் காற்றில் மாவு பூத்து அரித்துவிடும் என்பதால், இடையில் பழைய சைக்கிள் டியூபை வெட்டி வைத்தோம். மணலில் குலுங்குகிற வண்டிக்கு, ஒரே ஆள் வெளியிலிருந்து போட்டுவிடுகிற பாப் ரிவெட் நிற்காது. அதனால் பஸ்ஸுக்கு அடிப்பதுபோல முழு ரிவெட்தான். இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வெளியே நின்று காற்றுச் சுத்தியால் ரிவெட்டின் தலையில் அடிப்பான். இன்னொருவன் உள்ளே அதன் வாலுக்கு எதிராக டாலி என்கிற இரும்புக் கட்டியை அழுத்திப் பிடிப்பான். அடி விழ விழ வால் நசுங்கிச் சட்டைப் பொத்தான்போல ஆக வேண்டும். ஆகிவிட்டதா என்று உள்ளே இருப்பவன்தான் சொல்ல முடியும். கம்ப்ரசர் இரைச்சலில் பேச்சு கேட்காது. அதனால் டாலியால் தகட்டில் தட்டுவான். ஒரு தட்டு என்றால் சரி, அடுத்ததுக்குப் போ. இரண்டு தட்டு என்றால் இன்னும் அடி. மூன்று என்றால் கெட்டுவிட்டது, பிடுங்கு. பஸ் கம்பெனியில் இருபது வருஷமும் இதுதான் எங்கள் பேச்சு.

எப்போதும் சுத்தி என் கையில்தான் இருக்கும், டாலி அவனிடம். இந்த வண்டியில் முதல் நாளே என் விரல் சுத்தியின் விசையை விட மறந்து, பக்கத் தகட்டில் ஒரு சொட்டை விழுந்தது. “தோள் வலிக்குதுடா, நீ அடி, நான் டாலி புடிக்கறேன்” என்று சாக்குச் சொன்னேன். அவனுக்குச் சந்தோஷம்தான். பக்கத் தகடுகளில் பிரச்சினை இல்லை. உள்ளே தலையை விட்டு, வாலைக் கண்ணால் பார்த்துத் தட்டினேன்.

மூக்கில் அது நடக்காது. இரண்டு குழாய்களுக்கு நடுவில் இருக்கிற சந்தில் கையை முழங்கை வரை நுழைத்து, கன்னத்தைக் குழாயில் அழுத்திக்கொண்டு, ஒன்றையும் பார்க்காமல் பிடிக்க வேண்டும். அடி நின்றதும் கட்டை விரலால் வாலைத் தடவ வேண்டும். விரல்தான் கண்.

அவன் முதல் ரிவெட்டை அடித்தான். நான் தடவினேன். அங்கே எதுவும் இல்லாததுபோல இருந்தது. அவன் காத்துக்கொண்டிருந்தான். நான் ஒரு தட்டு தட்டினேன். அவன் அடுத்ததுக்குப் போனான். அன்று மேல் வரிசையில் இருபத்திரண்டு ரிவெட் அடித்தோம். இருபத்திரண்டுக்கும் ஒரே ஒரு தட்டு. இப்போது யோசித்தால், அதுவே என்னைக் காட்டிக்கொடுத்திருக்கும். என் வாழ்நாளில் நான் யாருக்கும் இருபத்திரண்டு ரிவெட்டைத் தொடர்ச்சியாகச் சரி என்று சொன்னதில்லை.

அந்த வண்டியில் யாரோ வீட்டுப் பிள்ளைகள் ஏறப்போகிறார்கள், தகடு பெயர்ந்தால் முன்னால் உட்காருகிறவன் காலைக் கிழிக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பயம் வரவில்லை. வர வேண்டிய இடம் தெரிந்தது, வரவில்லை. சாயங்காலம் கை கழுவிவிட்டு டீ குடித்தேன்.

கீழ் வரிசை பாக்கி இருக்கும்போதே, என்ஜினைச் சோதிக்க வண்டியைச் சோரியாங்குப்பத்து ஆற்று மணலுக்குக் கொண்டுபோனோம். மச்சான் ஓட்டினான், நான் கரையில் நின்றேன். மூன்றாவது சுற்றில் மூக்கிலிருந்து கடகடவென்று சத்தம். அவன் நிறுத்தி இறங்கினான். மேல் வரிசையை ஓரம் ஓரமாகக் கையால் அழுத்திப் பார்த்தான். நான் பக்கத்தில் போகும்போது அழுத்துவதை நிறுத்திவிட்டான்.

“கீழ் வரிசை அடிக்காததாலதான்” என்றேன்.

“இருக்கும்” என்றான். வாய் நீளமானவன் ஒரே வார்த்தையோடு நிறுத்தியதை நான் கவனித்தேன். ஆனால் அதுபற்றி எனக்கு எதுவும் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஷெட்டில் கம்ப்ரசரைப் போட்டான். “வா மாமா, கீழ் வரிசைய முடிச்சிடலாம்” என்றான். நான் பழையபடி கையை நுழைத்துக் கன்னத்தைக் குழாயில் வைத்தேன். முதல் ஓட்டை எங்கே என்று கத்திக் கேட்டேன். “ஓரத்துல” என்று கத்தினான். டாலியை நகர்த்திப் பட்டையில் அழுத்தினேன். அடி விழுந்தது. அதிர்வு முழங்கையில் ஏறியது. சத்தம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. அதைக் காதில் வாங்கினேன், யோசிக்கவில்லை. அடி நின்றது. கட்டை விரலால் தடவுவதுபோல ஒரு நொடி கொடுத்துவிட்டு, ஒரு தட்டு தட்டினேன்.

அடுத்த அடி வரவில்லை. கம்ப்ரசரை நிறுத்திவிட்டான். ரோட்டில் டவுன் பஸ் போகிற சத்தம் கேட்டது.

“சரியா மாமா?” என்று தகட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டான்.

“சரிதான்.”

“நல்லா தடவிப் பாத்தியா?”

“பாத்தேன்டா. பொத்தான் மாதிரி கீது.”

அவன் சுத்தியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெல்லச் சொன்னான்: “நான் இன்னும் ரிவெட்டே போடல மாமா. ஓட்டை மேல கட்டைய வச்சி அடிச்சேன்.”

கையை வெளியே இழுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கன்னம் குழாயில் பட்டுக் குளிர்ந்திருந்தது, அது மட்டும் தெரிந்தது.

“மேல் வரிசையில எத்தினி?” என்று கேட்டான்.

“எல்லாம்” என்றேன்.

அவன் திட்டுவான் என்று எதிர்பார்த்தேன். அக்காவுக்கு போன் போடுவான் என்றும் நினைத்தேன். ரிவெட்டுகளைப் பிடுங்கத் துளை மெஷினை எடுக்கிற சத்தமும் வரவில்லை. தரையில் அவன் முட்டி போட்டு உட்காருகிற சத்தம் வந்தது. மூக்கின் கீழ் விளிம்பு இன்னும் மூடவில்லை, அங்கே ஒரு கை நுழைகிற அளவுக்கு இடைவெளி இருந்தது.

சற்றுக் கழித்து என் முழங்கை லேசாக உள்ளே இழுபட்டது. டாலி கீழே விழுந்து சத்தம் போட்டது. கை எதிலாவது மாட்டிக்கொண்டதா என்று தலையைத் திருப்பி, சந்து வழியாக எட்டிப் பார்த்தேன்.

அவன் கீழேயிருந்து கையை விட்டு, என் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்தான். எவ்வளவு நேரமாகப் பிடித்திருந்தான் என்று எனக்குத் தெரியவில்லை.