சும்மா இருப்பவனின் நூற்று நாற்பத்து நான்கு கட்டங்கள்

ஜெர்மனியில் எங்கள் வீட்டுக்கு ஒரு நோட்டு வந்தது. ஒரு நாளைப் பத்துப் பத்து நிமிடமாக நறுக்கி, நூற்று நாற்பத்து நான்கு கட்டம். வேலைக்குப் போகும் இளைஞர்களும் போகாதவர்களும் பொழுதை எப்படிக் கழிக்கிறார்கள் என்று அரசாங்கத்துக்குத் தெரிய வேண்டுமாம். கொண்டுவந்த அம்மாள், மகன் என்ன செய்கிறார் என்றார். ஜெரால்டு படிப்பை முடித்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறான். "பிசினஸ்" என்றேன். எங்கள் ஊர் ராயப்பன்பட்டியில் பெண்வீட்டார் கேட்டால் அப்படித்தான் சொல்வோம்; அவர்களும் புரிந்துகொண்டு காபியைக் குடிப்பார்கள். இந்த அம்மாளோ, எத்தனை ஊழியர்கள் என்று கேட்டுப் பேனாவைத் திறந்தார். ஜெரால்டுதான் உண்மையைச் சொல்லிக் காப்பாற்றினான்.

என் இருபத்து நான்காவது வயதுக்கு இப்படிக் கட்டம் போட்டிருந்தால், எல்லாவற்றிலும் பெரியப்பா மகன் சவரிமுத்து அண்ணன் பெயர்தான் இருந்திருக்கும். அவருக்கு உத்தமபாளையத்தில் அரசு வேலை. ஆறு மணிக்கு வீடு திரும்பினால் ஈகூட அவரிடம் அனுமதி கேட்டுத்தான் உட்காரும். வேலையில்லாத என் நேரம் ஊர்ப்பொது. "ஏலே, சும்மாதான இருக்க, மண்ணெண்ணெ வாங்கிட்டு வந்துரு" என்பார். அந்த ரேஷன் கடை வரிசையில் நின்று, தேனியில் ஒரு நேர்முகத் தேர்வைத் தவறவிட்டேன். வந்து சொன்னபோது, கேன் ஒழுகுகிறதா என்று பார்த்தார்.

இப்போது அவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஞானஸ்நானச் சான்று, வில்லங்கச் சான்று என்று எனக்குத் தேவையே இல்லாத தாள்களுக்கு வாரந்தோறும் இங்கிருந்து போனிலேயே அவரை விரட்டுகிறேன். முழங்கால் வலி என்று இழுத்தார். "சும்மாதானண்ணே இருக்கீக" என்றேன். முப்பது வருடம் ஊறிய வாக்கியம். பன்னீர் திராட்சையாய் இனித்தது.

போன வியாழக்கிழமை ஜெரால்டின் நோட்டைத் திருட்டுத்தனமாகப் புரட்டினேன். முந்தின நாளில் வேலை தேடியது ஒன்பது கட்டம். 'அப்பாவுக்காக' இருபத்தாறு. வியாழக்கிழமைக்கான பதினொரு மணிக் கட்டத்தில் பென்சிலால் 'நேர்முகம், போனில்' என்றிருந்தது. அப்போது மணி பத்தே முக்கால். அவனையோ, இந்த நாட்டில் தங்குவதற்கான என் வதிவிட அட்டைக்காக வெளிநாட்டவர் அலுவலகத்தில் இடம்பிடிக்க அனுப்பியிருந்தேன். முதலில் அழிரப்பரைத்தான் தேடினேன், அரசாங்கம் அந்த இருபத்தாறைப் பார்த்துவிடக் கூடாதே. பிறகுதான் காரை எடுத்தேன், இரு கால்களிலும் வெவ்வேறு செருப்போடு.

வரிசையில் அவன் பின்னால் நாற்பது பேர். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சும்மாதானே இருக்கன்னு சொன்னீங்கப்பா."

சாவியைக் கொடுத்துவிட்டு அவன் இடத்தில் நின்றேன். காருக்குள் உட்கார்ந்து அவன் காதில் போனை வைப்பது கண்ணாடி வழியே தெரிந்தது. என் போன் அடித்தது. உத்தமபாளையத்திலிருந்து அண்ணன்.

"ஏலே, வரிசையில நின்னு நின்னு காலு கடுக்குது. அந்தத் தாளு கண்டிப்பா வேணுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். "வேணும்ண்ணே" என்றுதான் வந்தது. அங்கே எனக்காக ஒருவர், இங்கே மகனுக்குப் பதிலாக நான். இரண்டு வரிசையும் நகரவில்லை.