கைகளைப் பின்னால் கட்டிக்கொண்ட மெர்வி அத்தை

என் அத்தை மெர்விக்கு மெல்லப் பேச வராது. ஹவுகியோகி ஊரின் பள்ளிப் பேருந்தைப் பல வருடங்களாக ஓட்டுகிறாள். பின்சீட்டில் பனியுருண்டை எறியும் பையனை, சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே அதட்டி உட்காரவைத்துப் பழகிய குரல் அது. பள்ளிக்காலம் முழுக்க நான் அந்தப் பேருந்தில்தான் போனேன். அத்தை என்பதால் எனக்குச் சலுகை எதுவும் கிடைத்ததில்லை. மற்றவர்களுக்கு ஒரு திட்டு என்றால் எனக்கு இரண்டு.

ஆனால் நான் எழுதப்போவது அவள் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரு நாளைப் பற்றி. அன்று கூட இருந்தவர்கள் இன்னும் அதை நம்ப முடியாமல்தான் பேசிக்கொள்கிறார்கள்.

அத்தை கணினி படித்தவள் இல்லை. ஏரி உறைந்ததும் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கும் போட்டி நடக்குமே, அந்தச் சங்கத்துக்கு அவள் செயலாளர். யார் எவ்வளவு பிடித்தார்கள், யார் சண்டை போட்டார்கள், எல்லாம் அவளுடைய பழைய லேப்டாப்பில் இருந்தது. அது நத்தையாகிப் போனதும் நகரத்துக் கடைக்கு எடுத்துப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"இதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசா ஒண்ணு வாங்கிக்கங்க," என்றான் கடைக்காரப் பையன்.

"ஏன், உடைஞ்சிருக்கா?"

"உடையல. வயசாயிடுச்சு. இனிமே வர்ற சிஸ்டம் எதுவும் இதுல ஏறாது."

"என் பஸ்ஸுக்கும்தான் வயசாயிடுச்சு. எனக்கும்தான். எங்களை எங்க தூக்கிப் போடப் போற?"

வீட்டுக்கு வந்து தேடித் தேடிப் படித்ததில், கணினியை ஓட்டும் லினக்ஸ் என்ற இலவச சிஸ்டம் பற்றித் தெரிந்துகொண்டாள். எங்கள் தலைநகர் ஹெல்சிங்கியில் ஒரு மாணவன் தொடங்கி வைத்தது. பிறகு உலகம் முழுக்க முகம் தெரியாத ஆயிரக்கணக்கானவர்கள் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும், திறந்து பார்க்கட்டும், திருத்தட்டும் என்று விட்டிருக்கிறார்கள். பழைய கணினியிலும் ஓடும். இதைப் படித்தவுடன் அத்தை மேஜையைத் தட்டினாள்.

"இது தல்கோத்! நம்ம ஊர் தல்கோத்தேதான்!"

ஒரு வீட்டுக்குக் கூரை மாற்ற வேண்டுமென்றால் அக்கம்பக்கமெல்லாம் கூடி வந்து செய்துகொடுப்பதைத்தான் தல்கோத் என்போம். கூலி கிடையாது, சூப்பும் காபியும் உண்டு. இந்த மாதம் உன் வீட்டில் அவர்கள், அடுத்த மாதம் அவர்கள் வீட்டில் நீ. அத்தைக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பல தடவை சொதப்பி, ஒருவழியாக லினக்ஸை ஏற்றிவிட்டாள். சத்தம் மட்டும் வரவில்லை. இணையத்தில் கேட்டதற்கு ஊலு நகரத்திலிருந்து யாரோ ஒருவர் பொறுமையாக எழுதி எழுதிச் சரிசெய்து கொடுத்தார். அவருக்கு ஏலக்காய் ரொட்டி சுட்டு அனுப்ப முகவரி கேட்டாள் அத்தை. அவர் தரவில்லை. "இதே மாதிரி வேற யாருக்காவது செஞ்சு குடுங்க, போதும்," என்று எழுதிவிட்டார்.

அது அத்தையை உறுத்திக்கொண்டே இருந்தது. கடைசியில் ஊர் நூலகத்தின் பலகையில் ஒரு தாளைக் குத்தி வைத்தாள்: பழைய கணினி வைத்திருப்பவர்கள் வியாழன் மாலை கீழ் அறைக்கு வரலாம், காபி உண்டு.

முதல் வியாழன் வந்தது ஒரே ஆள். மர அறுவை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற தௌனோ. அவரும் காபிக்குத்தான் வந்தார். பேச்சுவாக்கில், வண்டியில் ஒரு லேப்டாப் கிடக்கிறது என்றார். அத்தை அதைக் கொண்டுவரச் செய்து, அவர் இரண்டாவது கோப்பையை முடிப்பதற்குள் பாதி வேலையை முடித்துவிட்டாள். அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

கொஞ்ச நாளில் தௌனோ அதே லேப்டாப்பை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார்.

"ஓடலையா?" என்றாள் அத்தை.

"நல்லாத்தான் ஓடுது."

"அப்புறம் என்னய்யா?"

"இது இப்ப உன் கம்ப்யூட்டர், மெர்வி. எது எங்க இருக்குன்னு உனக்குத்தான் தெரியும். ஏதாவது ஆச்சுன்னா உன்னைக் கூப்பிடணும். நீ பஸ்ஸுல இருப்ப. எனக்கு எதுக்கு இது? நீயே வெச்சுக்கோ."

அத்தை அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். ஆனால் அடுத்த வியாழன் அவள் தௌனோவை நாற்காலியில் உட்காரவைத்து, தான் செய்ததையெல்லாம் அவரையே அழிக்கச் சொன்னாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். முதல்ல இருந்து நீயே போடு. தல்கோத்துல வீட்டுக்காரன் சோபால உக்காந்துகிட்டு வேடிக்கை பாப்பானா? அவனும்தானே சுத்தியலைப் பிடிக்கணும்?"

"தப்பாப் போயிட்டா?"

"தப்பாப் போகட்டும். நான் தொட மாட்டேன்."

அவளுக்கே அவள் மேல் நம்பிக்கை இல்லாததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். தௌனோ ஒரு விரலால் தட்டித் தட்டி முடிக்க இரண்டு வியாழக்கிழமைகள் ஆயின. அந்தக் கணினியை அவர் அதன் பிறகு யாரிடமும் கொடுத்ததில்லை.

அதுதான் எங்கள் ஊர் லினக்ஸ் குழுவின் ஒரே சட்டமாக ஆனது. அடுத்தவர் விசைப்பலகையைத் தொடக் கூடாது. கை பின்னால். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்ல வேண்டும். சட்டத்தை மீறியவர் அன்றைய காபிக் கோப்பைகளையெல்லாம் கழுவ வேண்டும். ஆரம்பத்தில் கழுவியது பெரும்பாலும் அத்தைதான்.

வியாழனன்று பட்டாணி சூப் சாப்பிட்டுவிட்டு, காலணிகளைக் கழற்றி வைத்து, கம்பளிக் காலுறையோடு கீழ் அறையில் கூடுவார்கள். முதல் குளிர்காலம் முடிவதற்குள் நாற்காலி போதவில்லை. பால் பண்ணைக்காரர்கள், தேவாலயப் பாடகர் குழு, சிரியாவிலிருந்து வந்து எங்கள் ஊரில் ரொட்டிக்கடை வைத்திருக்கும் தம்பதி என்று எல்லோரும் வந்தார்கள். வந்தவர்கள் அடுத்து வந்தவர்களுக்குப் பின்னால் கை கட்டி நின்றார்கள்.

இதற்கெல்லாம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கியே இருந்தவர் நூலகர் சைலா. "நான் புத்தகத்துக்காக வேலைக்கு வந்தவ. அந்தப் பொட்டிங்களோட எனக்கு ஒத்து வராது," என்பார்.

நூலகத்தின் மேல் தளத்தில் ஐந்து பொதுக் கணினிகள் இருந்தன. வேலை தேடுகிறவர்கள் அதில்தான் விண்ணப்பம் அனுப்பினார்கள். மருந்துச் சீட்டைப் புதுப்பிக்கவும், பேருந்துச் சீட்டு அச்செடுக்கவும் ஊரில் வேறு இடம் இல்லை. கடந்த இலையுதிர் காலத்தில் நகராட்சியிலிருந்து செய்தி வந்தது. அந்தக் கணினிகளுக்கு இனிமேல் பாதுகாப்புத் திருத்தங்கள் வராது, புதிது வாங்க வழியில்லை, எடுத்துவிடப் போகிறோம். வேண்டியவர்கள் நகர நூலகத்துக்குப் போகலாம். கணினிகள் போனதும் கீழ் அறையும் சாமான் அறையாகிவிடும்.

அத்தை பேருந்தை நிறுத்தியதும் நேராக நகராட்சிக்குப் போனாள். அங்கே கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் யார்மோ. தன்மையான மனிதர். அவள் கத்தி முடிக்கும்வரை கேட்டார்.

"லினக்ஸ் போடலாம், மெர்வி. எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல. ஆனா நீங்க எல்லாம் ஆசைப்பட்டு வர்றவங்க. நாளைக்கு உங்களுக்கு உடம்பு சரியில்லன்னா? குழுவுல சண்டை வந்து கலைஞ்சு போயிட்டா? அங்க தினமும் இருக்கப்போறது சைலா. அவங்க தனியா சமாளிக்கணும்."

"சமாளிப்பா!"

"அப்ப நான் சனிக்கிழமை ஒரு நாள் வர்றேன். ஒரு கம்ப்யூட்டர்ல, வெறும் டிஸ்க்ல இருந்து ஆரம்பிச்சு ஒரு பக்கம் பிரிண்ட் எடுக்கிற வரைக்கும் சைலா செய்யட்டும். நீங்க யாரும் வாயைத் திறக்கக் கூடாது. முடிஞ்சா அஞ்சும் இங்கயே இருக்கும்."

செய்தி கேட்டு சைலா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "ஏன்டி, உன்னால வாயை மூடிட்டு இருக்க முடியுமா?"

"என்னை விடு. உன்னால முடியுமா?"

"முடியாது," என்றார் சைலா. ஆனால் அடுத்த வியாழன் கீழ் அறைக்கு இறங்கி வந்தார்.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்து பனி கொட்டியது. நூலகத்தின் மேல் தளத்தில் யாரும் எதிர்பார்க்காத அளவுக்குக் கூட்டம். யார்மோ சைலாவின் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டார். குழுவினர் சுவரோரமாக வரிசையாக நின்றார்கள், எல்லோருடைய கையும் பின்னால். பள்ளிப் புகைப்படத்துக்கு நிற்பதுபோல இருந்தது. தௌனோ மட்டும் ஜன்னலோரத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார், தினமும் படிப்பதுபோலவே.

சைலா லினக்ஸ் இருந்த பென்டிரைவைச் செருகினார். மொழி கேட்டது, கொடுத்தார். டிஸ்க்கை அழிக்கலாமா என்று கேட்டது. வாய்விட்டு இரண்டு முறை படித்துவிட்டு "அழி" என்றார். ஒவ்வொரு கட்டமாகத் தாண்டி, பிரிண்டரையும் சேர்த்துவிட்டார். திரையில் பிரிண்டரின் பெயர் வந்ததும் சுவரோரம் எல்லோரும் மூச்சு விட்டார்கள்.

அங்கேதான் அத்தை அவசரப்பட்டாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்து, கொண்டாட்டக் காபி போட இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனாள். கையில் கிடைத்த பிளக் ஒன்றைப் பிடுங்கிவிட்டுக் காபி இயந்திரத்தைச் செருகினாள்.

சைலா அச்சிடும் பொத்தானை அழுத்தினார். ஒன்றும் வரவில்லை.

பிரிண்டரைப் பார்த்தார். விளக்கு அணைந்திருந்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டே மேஜைக்கடியில் குனிந்து போனவர், மறுமுனையில் காபி இயந்திரத்தின் அருகே வெளுத்துப்போய் நின்ற அத்தையின் காலில் வந்து முட்டினார். கூட்டம் சிரித்தது. சைலா சிரிக்கவில்லை. பிரிண்டரின் பிளக்கைத் திரும்பச் செருகிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்து, திரும்ப அழுத்தினார். விளக்கு எரிந்தது. காகிதம் வரவில்லை.

காரணம் அத்தைக்குத் தெரிந்துவிட்டது. நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கழுத்திலிருந்து காது வரைக்கும் சிவப்பு ஏறியது. தான் செய்த தப்பால் ஐந்து கணினிகளும் கீழ் அறையும் வியாழக்கிழமைகளும் போகப்போகின்றன. சரிசெய்ய ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவள் வாய்க்குள்ளேயே இருந்தது. ஆலையில் மின்பொறியாளராக இருக்கும் ஒருவர் தாங்க முடியாமல் ஓர் அடி முன்னால் வைத்தார். அத்தை அவருடைய ஸ்வெட்டரைப் பிடித்து இழுத்து நிறுத்திவிட்டு, கைகளை மறுபடி பின்னால் கொண்டுபோனாள்.

சைலா திரும்பிப் பார்த்தார். "மெர்வி?"

அத்தை உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

யார்மோ கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்க முயன்றது தெரிந்தது.

சைலா நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பினார். "தௌனோ, போன வாரம் உன் வீட்டு பிரிண்டர் அடம் பிடிச்சதுன்னியே. என்ன பண்ணின?"

தௌனோ செய்தித்தாளை மடித்தார். மெதுவாக நடந்து வந்து சைலாவின் பின்னால் நின்றார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன எழுதியிருக்குன்னு படி."

"எங்க?"

"எனக்கெப்படித் தெரியும்? உன் கம்ப்யூட்டர். பிரிண்டர் பேரைத் திறந்து பாரு. வாய்விட்டுப் படி."

சைலா திறந்தார். "பிரிண்டர்... தயாரா இருக்கு... இல்ல இல்ல, பக்கத்துல ஒண்ணு இருக்கு. 'நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது.'"

"ம்."

"முதல் தடவை கரண்ட் இல்லாததால நிறுத்திடுச்சா? அப்ப கரண்ட் வந்தாலும் அது பாட்டுக்கு நிக்குமா?"

"என்கிட்ட கேக்கிறியா, அதுகிட்ட கேக்கிறியா?"

சைலா பட்டியலில் 'தொடரவும்' என்றிருந்த இடத்தை அழுத்தினார். பிரிண்டர் இருமியது. பிறகு ஒரு பக்கம் வந்தது. பின்னாலேயே அதே பக்கம் இன்னொரு பிரதியும் வந்தது. சைலா இரண்டையும் எடுத்து, சூடாக இருக்கும்போதே யார்மோவின் கையில் கொடுத்தார்.

"ஆனா நீங்க உதவி கேட்டீங்களே," என்றார் யார்மோ, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"குழுவைக் கேக்கல. என் வாசகரைக் கேட்டேன். இவர் தினம் காலைல பேப்பர் படிக்க வருவார். மெர்விக்கு உடம்பு சரியில்லன்னாலும் வருவார். ஹவுகியோகில இவரை மாதிரி இப்ப எத்தனை பேர் இருக்காங்கன்னு சுவரோரமா பாருங்க."

யார்மோ பார்த்தார். பால் பண்ணைக்காரரிலிருந்து ரொட்டிக்கடை அம்மா வரை எல்லோரையும் பார்த்தார். பிறகு அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். "மீதி நாலு கம்ப்யூட்டரையும் எப்பப் போடறீங்க?" என்றார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். அத்தையின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "பாத்தீங்களா! என்னைக் கேக்கவே இல்ல! என்னைக் கேக்காமலே முடிச்சிட்டா!"

"உன்னைக் கேட்டேன்டி. நீதான் கூரையைப் பாத்த," என்றார் சைலா.

"பிளக்கைப் பிடுங்கினவளை வேற என்ன கேக்கறது," என்றார் தௌனோ.

அன்று சட்டத்தை யாரும் மீறவில்லை. ஆனாலும் காபி முடிந்ததும் அத்தை கோப்பைகளையெல்லாம் திரட்டிக்கொண்டு தொட்டிக்குப் போனாள்.

"நீ தொடலையே?" என்றேன்.

"மனசுக்குள்ள அந்தப் பொத்தானை எத்தனை தடவை அமுக்கினேன்னு எனக்குத்தானே தெரியும்," என்றாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் இவ்வளவு நிமிர்ந்து நின்று பாத்திரம் கழுவும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

யார்மோ சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்து, துணியை எடுத்துக் கோப்பைகளைத் துடைக்க ஆரம்பித்தார். வெளிப்பக்கத்தை மட்டும் துடைத்து, உள்ளே ஈரத்தோடு அலமாரியில் அடுக்கினார். அத்தையின் கை அந்தத் துணியைப் பிடுங்கப் போனது. பாதியில் நின்றது. சோப்பு நுரை சொட்டச் சொட்ட, மெல்லப் பின்னால் போய்ச் சேர்ந்தது.