றினோஸாவின் முதல் கேள்வி

"எந்த லினக்ஸ்? எந்தப் பதிப்பு?" இதைக் கணினியில் தட்டிவிட்டுத்தான் றினோஸா தேநீரில் வாய் வைப்பாள். பக்கத்து வீட்டு பஸ்லியா ராத்தா, வட்டிலப்பம் இறுகவில்லை என்று வந்து நின்றாலும் அதே கதைதான்: "என்ன கருப்பட்டி போட்டீங்க, எத்தின முட்டை? அதச் சொல்லாம நான் என்னத்தச் சொல்லுற?"

மருதமுனையில் அவள் வீட்டு முன்னறையில் பழைய மடிக்கணினி ஒன்று இரைந்துகொண்டே இருக்கும். யார் யாரோ சேர்ந்து எழுதி இலவசமாக விட்ட மின்னஞ்சல் சேர்வர் மென்பொருள் ஒன்று உண்டு. அதை நிறுவி மாட்டிக்கொண்டவர்களுக்கு இணைய மன்றத்தில் பதில் சொல்கிறாள். சம்பளம் என்று ஒரு சதமும் கிடையாது. ஒரே மென்பொருள்தான், ஆனால் டெபியன், உபுண்டு, அல்மா என்று லினக்ஸ் இயங்குதளம் எத்தனை வகையோ அத்தனை விதமாக முரண்டு பிடிக்கும். ஆகவே கணினியில் இடம் கண்ட வரைக்கும் அவற்றை நிறுவிவைத்து, செய்துபார்த்தே பதில் எழுதுவாள்.

பதில் பலித்ததும் ஒரு வார்த்தை சொல்லாமல் நழுவுகிறவர்களை அவளுக்குக் கண்ணில் காட்டக்கூடாது. "பலகாரம் வந்த பீங்கான வெறுமையாத் திருப்பி அனுப்புற ஊரா இது? என்ன செஞ்சு சரிவந்தெண்டு எழுதிட்டுப் போனா, அடுத்த ஆளுக்கு உதவுமே."

ஹஜ்ஜுப் பெருநாளன்று அவளுக்கே சறுக்கியது. நேபாளத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கணினிகளைப் பார்க்கும் பிமல், சேர்வரில் இடம் போதவில்லை என்று கேட்டிருந்தான். வாசலில் விருந்தாளிகள். அந்த முதல் கேள்வியைக் கேட்காமலே, அஞ்சல்களைப் புதிய டிஸ்கிற்கு மாற்றும் வழியை எழுதிவிட்டாள். உபுண்டுவில் அது சரி. அவனுடையதோ அல்மா, அதிலுள்ள காவல் ஏற்பாடு, இடம் மாறிய கோப்புகளை சேர்வர் தொடவே விடாது. பள்ளிக்கூடத்தின் அஞ்சல் நின்றுபோனது. பரீட்சை விண்ணப்பங்கள் அதில்தான் வரவேண்டும், தன் வேலை போய்விடும் என்று பிமல் எழுதினான்.

காவலையே நிறுத்திவிடச் சொன்னார் மன்றத்தில் ஒருவர். "கதவு திறக்கல்ல எண்டு கதவையே கழட்டுறயா?" என்று முணுமுணுத்தாள் இவள். தினமும் புழங்கும் உபுண்டுவை அழித்து இடம் பண்ணி, அல்மாவை ஏற்றி, அதே பிழையை வரவழைத்தாள். இடம் மாறிய கோப்புகளைக் காவலுக்கு அறியத்தரும் கட்டளை அகப்பட்டது. "பிழை என்னுடையது" என்று முதல் வரியில் போட்டு அனுப்பினாள். நாட்கள் கடந்தும் பிமலிடமிருந்து பதிலே இல்லை.

"அவன் சரியாக்கிட்டுப் போயிரிப்பான் புள்ள," என்றான் கணவன் பளீல்.

"இல்லாட்டி வேல போயிரிக்கும்."

அவளுக்குச் சமையலில் மனம் போகவில்லை. பெருநாளுக்கு பஸ்லியா ராத்தா தொதல் என்ற இனிப்பை அனுப்பிய பீங்கான், கழுவி வைத்தபடி, திருப்பி அனுப்பாமல் ஃபிரிட்ஜின் மேலேயே கிடந்தது.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால், பிரேசிலிலிருந்து யாரோ அதே சிக்கலோடு வந்திருந்தார். றினோஸா தட்டத் தொடங்கினாள். பாதி எழுதுவதற்குள் வேறொரு பதில் வந்து விழுந்தது. பிமல் எழுதியிருந்தான்.

"முதலில் சொல்லுங்கள், எந்த லினக்ஸ்? எந்தப் பதிப்பு?" அதன்கீழே, தன் பள்ளிக்கூடத்துக்கு மீண்டும் அஞ்சல் வரத் தொடங்கிய கதையும், அல்மாவுக்கான அந்தக் கட்டளையும், ஒரு படி விடாமல்.

றினோஸா தான் தட்டியதை அழித்தாள். எழுந்துபோய் ஃபிரிட்ஜின் மேலிருந்த பீங்கானை இறக்கி, முந்தானையால் துடைத்து மேசையில் வைத்துவிட்டு, வட்டிலப்பத்துக்குக் கருப்பட்டி சீவ உட்கார்ந்தாள்.