வள்ளத்தில் வந்த இங்கிலிஷ்

பிள்ளையள், கனடாவில், ஸ்காபரோ பஸ் நிலையத்தில் நிற்கிறேன். இன்றைக்கு வகுப்பில் எனக்குப் பேச்சுச் சோதனை: இங்கிலிஷ் பிறந்த கதையை இங்கிலிஷிலேயே சொல்ல வேணும். நான் வாய் திறந்தாலே எல்லாரும் "என்ன?" என்று திருப்பிக் கேட்கிற ஊர் இது.

பக்கத்தில் நிற்கிற வெள்ளைக்கார அம்மாவிடம் இங்கிலிஷில் சொல்லிப் பார்க்கிறேன். பிரித்தானியாவை விட்டு ரோமர் போன பிறகு சாக்சன்கள் வள்ளத்தில் வந்தார்கள், வைக்கிங்குகளும் வள்ளத்தில்தான் வந்தார்கள் என்கிறேன்.

"எல்லாரும் வள்ளத்திலயோ? ஒருத்தரும் விசா கேக்கேல்லையோ?"

"கேட்டிருந்தா நாங்கள் ரெண்டு பேரும் இப்ப வேற பாஷைதான் கதைப்பம், மேடம்."

சிரிக்கிறா. அவவின் பஸ் வந்து கதவு திறக்கிறது.

"உங்கட பஸ், மேடம்!"

"போகட்டும், அடுத்தது வரும்," என்று கையை ஆட்டி அனுப்பிவிட்டு, என் பக்கம் திரும்பிக் கேட்கிறா:

"பிறகு?"