எனக்கு ஏற்ற காலிபர்

என் அக்காவின் கணவர் டெக்சாஸிலிருந்து மூன்று கிழமை விடுமுறையில் கடல் கடந்து எங்கள் ஓக்லாந்துக்கு வந்தபோது எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதுவரைக்கும் நான் ஒரு துப்பாக்கியையோ துவக்கையோ கையால் தொட்டதில்லை.

அக்காவுக்கு லீவு கிடைக்காததால் அத்தான் தனியாகத்தான் வந்தார். எங்களுக்கு வீடு பக்குரங்காவில், கடை ஒடாஹுஹுவில். இங்கே டெய்ரி என்று சொல்வார்கள். பாலும் பாணும் பத்திரிகையும் இனிப்பும் விற்கிற மூலைக்கடை. வந்த அன்று சாப்பாட்டு மேசையில் என் கணவர், போன வருடம் கடையில் நடந்த திருட்டை அத்தானுக்குச் சொன்னார். ஒரு ஆள் சுத்தியலோடு உள்ளே வந்து சிகரெட் அலுமாரியை உடைத்தான். இவர் மேசைக்குக் கீழே இருந்த பொத்தானை அமத்தினார். கூரையிலிருந்து வெள்ளைப் புகை கொட்டி, கண்மூடித் திறப்பதற்குள் கடை நிரம்பிவிட்டது. அதற்கென்றே பூட்டிய கருவி அது. ஒன்றும் தெரியாவிட்டால் கள்ளன் ஓடிவிடுவான் என்பது எண்ணம். ஆனால் இவனுக்கு ஓடுகிற வாசலும் தெரியவில்லை. பிஸ்கட் தட்டில் மோதிக்கொண்டு நின்றான். கடைசியில் இவர்தான் புகைக்குள் நின்றபடி, இடது பக்கம், இன்னும் கொஞ்சம் இடது பக்கம் என்று வழி சொல்லி அவனை வெளியே அனுப்பினார். போகும்போது அவன் தாங்ஸ் சொன்னான் என்று இவர் இன்றைக்கும் சாதிக்கிறார்.

நாங்கள் சிரித்தோம். அத்தான் சிரிக்கவில்லை.

"புகையோ? அவ்வளவுதானோ?"

"மணியும் ஒண்டு இருக்கு அத்தான்," என்றேன்.

அவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார். "மச்சாள், நீர் முதல்ல ஒரு காலிபரைத் தெரிவு செய்யவேணும்."

அத்தான் மருந்துக்கடையில் மருந்து எண்ணிக் கொடுக்கிறவர். பூனைக்கு வழிவிட்டு நடக்கிற மனிதர். ஆனால் டெக்சாஸில் பதினெட்டு வருடமாக இடுப்பில் கைத்துப்பாக்கி கட்டிக்கொண்டுதான் மரக்கறி வாங்கப் போகிறார். அடுத்த நாள் காலையில் நான் தோட்டங்கள் உள்ள புக்கெகோஹிப் பக்கம் போய் வாங்கி வந்திருந்த மரக்கறியை அவர் மேசையில் வரிசையாக அடுக்கி வைத்தார். முதலில் ஒரு பட்டாணி, அடுத்தது ஒரு சின்ன உருண்டைச் சிவப்பு முள்ளங்கி, கடைசியாக ஒரு சின்ன உருளைக்கிழங்கு.

"காலிபர் எண்டால் குண்டின்ரை பருமன். இது இருபத்திரண்டு, அங்குலத்தை நூறாப் பிரிச்ச கணக்கு. உதைக்காது, ஆனா ஆளை நிப்பாட்டும் எண்டு நம்பேலாது. இது நாற்பத்தைந்து. நிப்பாட்டும், ஆனா உம்மடை கையையும் சேர்த்துக் கொண்டுபோகும். நடுவிலை இருக்கிறது ஒன்பது மில்லிமீற்றர். உதையும் அளவாத்தான், உள்ளுக்கு அடைக்கிற குண்டும் அதிகம். பொம்பிளையளுக்கு நான் இதைத்தான் சொல்லுறனான்."

என் கணவர் தேநீரோடு வந்து அந்த ஒன்பது மில்லிமீற்றரை எடுத்துக் கடித்துக்கொண்டு போனார்.

எனக்கு என்ன பேய் பிடித்தது என்று தெரியாது. இரண்டு கிழமையாக வேறு நினைப்பே இல்லை. கடையில் ஆள் இல்லாத நேரம் இரண்டு லீற்றர் பால் போத்தலை நேராகக் கையை நீட்டிப் பிடித்து, எத்தனை நொடி நடுங்காமல் நிற்கிறேன் என்று எண்ணிப் பார்ப்பேன். ஒரு முறை நிமிர்ந்து பார்த்தால் முன்னால் ஒரு வாடிக்கையாளர். அந்தப் பால் தனக்கா என்று கேட்டார். கொடுத்துவிட்டேன். மாலையில் அத்தானிடம், கை சின்னதாக இருந்தால் முப்பத்தெட்டுச் சுழல் துப்பாக்கி நல்லதா என்று கேட்பேன். அவருக்கு முகம் மலர்ந்துவிடும்.

சட்டம் படிக்கிற மகள் வார இறுதிக்கு வீட்டுக்கு வந்தாள். ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, யூ கான்ட். செல்ஃப் டிஃபென்ஸ் இஸ் நொட் அ ரீசன் ஹியர்."

பிறகு விளக்கினாள். இந்த நாட்டில் தற்காப்புக்கு என்று துவக்கு வைத்திருக்க முடியாது. கைத்துப்பாக்கி வேண்டுமானால் சுடும் கழகம் ஒன்றில் சேர்ந்து, இலக்கில் சுடுகிற விளையாட்டுக்கு மட்டும், பல மாதம் பொறுத்து அனுமதி எடுக்கவேண்டும். வீட்டிலும் இரும்புப் பெட்டிக்குள் பூட்டி வைக்கவேண்டும். கடைக்குக் கொண்டுபோகிற கதையே இல்லை.

அத்தானின் முகம் விழுந்துவிட்டது. "அப்ப இவ்வளவு நாளும் என்னத்துக்குக் கதைச்சனாங்கள்?"

"காலிபருக்கு," என்றேன். "அதை இன்னும் முடிவெடுக்கேல்லையே."

மகள் போனைத் தட்டினாள். புக்கெகோஹி தாண்டி ஒரு கழகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமை வெளியாட்களும் வந்து, மேற்பார்வையில் சுட்டுப் பார்க்கலாம் என்று கண்டுபிடித்தாள். என் கணவர் கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். நாங்கள் மூவரும் போனோம். வழி முழுக்க மகள் பெரியப்பாவுக்குப் பாடம் எடுத்தாள். அங்கே தற்காப்பு என்ற சொல்லே வாயில் வரக்கூடாது. அத்தான் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

மூன்று பக்கம் மண்மேடு, அதற்கு அப்பால் வெங்காயத் தோட்டம். எங்களுக்குப் பொறுப்பாக நின்றவர் எழுபது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. நரைத்த பின்னல் போட்டிருந்தார். என்ன விஷயமாக வந்தீர்கள் என்று அன்பாகக் கேட்டார். அத்தான் முன்னால் போய், என் மச்சாளின் தற்காப்புக்கு ஒரு காலிபர் தெரிவு செய்ய வந்தோம் என்று தெளிவான ஆங்கிலத்தில் சொன்னார்.

மகள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த அம்மா நீட்டிய காதுமூடியைத் திரும்ப மேசையில் வைத்தார்.

"இவர் டெக்சாஸ்காரர்," என்றேன். "வியாழக்கிழமை திரும்பிப் போகிறார்."

அவர் அத்தானைத் தலையிலிருந்து சப்பாத்து வரைக்கும் பார்த்தார். "ஓ," என்றார். காதுமூடியை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

என் முறைக்கு முன்னால் பக்கத்தில் யாரோ சுட்டார்கள். நான் சட்டென்று குனிந்துவிட்டேன். யாழ்ப்பாணத்தில் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்த காலத்தில், என்ன துவக்கு, எவ்வளவு தூரம் என்று சத்தத்தை வைத்தே நாங்கள் பிள்ளைகள் சொல்வோம். ஒருமுறையும் தவறாது. காலிபர் எனக்குக் காதால் தெரியும். கையால்தான் தெரியாது.

"அம்மா, ஓகேயா?" மகள் என் முதுகில் கை வைத்தாள்.

"ஓம்."

இருபத்திரண்டை இரண்டு கையாலும் பிடித்து, சொன்னபடி மூச்சை விட்டு அழுத்தினேன். டக் என்று ஒரு சின்னச் சத்தம். எதிரே கடதாசியில், நான் பார்த்த இடத்திலேயே ஒரு ஓட்டை. எனக்குள் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு கிளம்பியது. தோள் குலுங்கியது.

"கீழே வையுங்கள்," என்றார் அந்த அம்மா. "சிரித்து முடித்துவிட்டு எடுங்கள்."

வைத்தேன். சிரித்தேன். எடுத்தேன். இன்னொரு ஓட்டை, முதல் ஓட்டைக்குப் பக்கத்திலேயே. திரும்பவும் வைக்கவேண்டி வந்தது. மூன்றாம் முறை அவருக்கும் உதடு துடித்தது. பத்துக் குண்டை முடிக்க எனக்கு இருபது நிமிடம் எடுத்தது. பத்தும் ஒரு தேநீர்ச் சாஸரால் மூடக்கூடிய இடத்துக்குள் இருந்தன.

ஒன்பது மில்லிமீற்றர் கையைத் தட்டிவிட்டது. கடதாசியின் ஒரு மூலை மட்டும் கிழிந்தது. நாற்பத்தைந்துக்கு அவர் ஒரே ஒரு குண்டுதான் போட்டுத் தந்தார். மூக்குக்கண்ணாடி நாடிக்கு வந்தது. கடதாசிக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு பாணுக்குள் சுட்ட சொசேஜ் வைத்துத் தந்தார்கள். மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிடும்போது மகள் கேட்டாள்.

"பெரியப்பா, பதினெட்டு வருசத்திலை ஒருக்கா எண்டாலும் அதை இடுப்பிலையிருந்து எடுத்தனீங்களோ?"

அத்தான் சொசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒருக்கா."

"ஆருக்கு?"

"பாம்புக்கு."

"சுட்டனீங்களோ?"

"ஓம். அது தோட்டத்துத் தண்ணிக் குழாய்."

மகள் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் அந்த அம்மா மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் வாங்கிலிருந்து புல்லில் இறங்கிவிட்டேன். வந்த நாளிலிருந்து சிரிக்காத அத்தானும் தண்ணீர் தெறித்ததைக் கையால் காட்டிக் காட்டிச் சிரித்தார். அக்காவுக்கு மட்டும் சொல்லவேண்டாம் என்றார். அக்காவுக்கு அது எப்போதோ தெரியும் என்று பிறகுதான் அறிந்தேன். எனக்குச் சொன்னதில்லை, அவ்வளவுதான்.

கிளம்பும்போது, எனக்கு எது பொருந்தும் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"அடுத்த ஞாயிறு எதைக்கொண்டு சுட ஆசை?"

"இருபத்திரண்டு."

"அப்படியானால் அதுதான்."

விண்ணப்பம், வகுப்பு, பொலிஸ் விசாரணை என்று நீண்டநாள் போனது. காரணம் என்று கேட்ட இடத்தில் இலக்கில் சுடுவது என்று எழுதினேன். எழுதும்போது அது உண்மையாகவே இருந்தது. இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறேன். சிரிப்பு இன்னும் வரும், ஆனால் கடைசிக் குண்டுவரை பொறுத்துக்கொள்வேன். போன மாதம் முதல் போட்டி. பதினொரு பேரில் நான்காவதாக வந்தேன். அந்தக் கடதாசியைப் படமெடுத்து அத்தானுக்கு அனுப்பினேன். அவர் அதைப் பெரிதாக்கி மருந்துக்கடைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாராம். இருமல் மருந்து வாங்க வருகிறவர்களுக்குக்கூட நின்று விளக்கம் சொல்வதால் வரிசை நீளுகிறது என்று அக்கா குறைப்பட்டாள்.